பாப்பாவுக்கு: இப்போது கேட்கும் ஆல்பங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம்தானே? “இப்ப என்னம்மா கேட்டுட்டிருக்க? பேரை மட்டும் அனுப்பு, போதும்” என்று எழுதியிருந்தாய். பெயர் மட்டும் போதாது, அதனால்தான் கடிதம் நீள்கிறது. ஒருவருக்கு ஓர் ஆல்பத்தைச் சொல்லும்போது கூடவே மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எந்தப் பதிவு, எந்த வெளியீடு, முதலில் எந்த இடத்தில் காது கொடுக்க வேண்டும். இவை இல்லாமல் “அருமையா இருக்கு, கேளு” என்று அனுப்பினால், கேட்பவர் இரண்டாவது டிராக்கிலேயே நிறுத்திவிடுவார். பழி ஆல்பத்தின் மேல் விழும்.

முதலில் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் நியூயார்க்கில் பதிவானது. மார்ச்சில் பதிவான மூன்று டிராக்குகள்தான் எல்பி இசைத்தட்டின் முதல் பக்கம். அன்று டேப் இயந்திரம் சரியான வேகத்தைவிடச் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்த டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் இசை வேகம் கூடி, சுருதியும் கொஞ்சம் ஏறிவிடும். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க இப்படித்தான் கேட்டார்கள்; 1990களின் மறுவெளியீடுகளில்தான் திருத்தினார்கள். உன்னிடம் இருப்பது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். ‘சோ வாட்’டைப் போட்டு, கீபோர்டில் ‘டி’ கட்டையைக் கூடவே அழுத்திப் பார். அடியில் தாழ்ந்து ஒலிக்கும் பேஸ் வாத்தியத்தோடு ஒட்டினால் திருத்திய வெளியீடு. பக்கத்தில் நின்று உரசினால் பழையது. பழையதைக் கேட்பதில் குற்றமில்லை, ஆனால் அதோடு சேர்ந்து வாசித்துப் பழகாதே. சுருதி சேராமல் உன் வாத்தியத்தின் மேல் சந்தேகம் வந்துவிடும்.

இனி கேட்கும் முறை. ‘சோ வாட்’டின் ஸ்வரங்கள் நம் காதுக்குப் பழகியவைதான்: ‘டி’யை ஷட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியா. முதல் 16 ‘பார்’ (தாளத்தின் ஓர் அளவு) அதிலேயே நிற்கும், அடுத்த 8 பார் மொத்தமும் அரை ஸ்வரம் மேலே ஏறும், பிறகு 8 பார் பழைய இடத்துக்கே இறங்கும். பாருக்கு நான்கு எண்ணிக்கை. விரலை மடக்கி எண்ணிக்கொண்டே கேள். அந்த ஏற்றம் ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் வருவது பிடிபட்டுவிட்டால், யார் எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார்கள் என்பது தானாகத் தெரியும். தொடக்கத்தில் பியானோவும் பேஸும் தாளமில்லாமல் உலாவும், அதை எண்ணாதே. பால் சேம்பர்ஸின் பேஸ் கேள்வி கேட்க, மற்றவர்கள் இரண்டு தட்டில் பதில் சொல்லும் இடத்திலிருந்து எண்ணு. ட்ரம்பெட்டில் டேவிஸ் இரண்டு சுற்று, சாக்ஸபோனில் கோல்ட்ரேன் இரண்டு, அடர்லி இரண்டு, பியானோவில் பில் எவன்ஸ் ஒன்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. கரகரப்பிரியா என்று சொன்னதால் ராக ஆலாபனையை எதிர்பார்த்து உட்காராதே. கமகமோ, ராகத்துக்குரிய பிடிப்புகளோ இதில் கிடையாது. ஸ்வர வரிசை ஒன்றுதான் பொது. இந்த ஒப்பீட்டில் சிக்கித்தான் நம்மவர் பலர் இந்த ஆல்பத்தைத் தட்டையானது என்று ஒதுக்குகிறார்கள். இங்கே அழகு இடைவெளியில் இருக்கிறது: டேவிஸ் எந்த ஸ்வரத்தை வாசிக்காமல் விடுகிறார் என்று பார். இரண்டாவது டிராக் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ மட்டும் பியானோவில் விண்டன் கெல்லி. முதல் டிராக்கை முடித்த கையோடு கேட்டால், ஒரே வாத்தியத்தில் இரண்டு பேரின் கை எவ்வளவு மாறுகிறது என்று புரியும்.

நியூயார்க்கின் அதே ஸ்டுடியோவில், முன்பு தேவாலயமாக இருந்த அந்தக் கட்டடத்தில் பதிவானதுதான் நான் அதிகம் கேட்கும் அடுத்த ஆல்பமும். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாகின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’, பியானோவில் க்ளென் கூல்ட். எந்தப் பதிவு என்பது இதில்தான் மிக மிக முக்கியம். 1955இல் 22 வயதில் வாசித்தது சுமார் 38 நிமிடம். 1981இல் மறுபடி வாசித்தது 51 நிமிடம். தொடக்கத்தில் வரும் மூல இசையான ஆரியாவை மட்டும் இரண்டிலும் எடுத்துக் கேள்: முன்னது இரண்டு நிமிடத்துக்குள் முடியும், பின்னது மூன்று நிமிடத்தைத் தாண்டும். என் தேர்வு 1981. வேகமான வேரியேஷன்களிலும் (ஆரியாவிலிருந்து கிளைக்கும் பகுதிகள்) இடது கையின் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக எழுந்து நிற்பது அதில்தான். அது டிஜிட்டலில் பதிவானது. கூடவே அனலாக் டேப்பிலும் எடுத்து வைத்திருந்தார்கள். அந்த டேப்பிலிருந்து தயாரித்தது ‘எ ஸ்டேட் ஆஃப் வொண்டர்’ என்ற 2002 வெளியீட்டில் இருக்கிறது. இரண்டு பதிவும் அதில் சேர்ந்தே வரும். அதைத் தேடிப் பிடி. பின்னணியில் ஒரு முனகல் கேட்கும். ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று கழற்றிப் பார்க்க வேண்டாம், வாசிக்கும்போது கூல்ட் கூடவே முணுமுணுப்பார்.

ஆரியா, 30 வேரியேஷன், கடைசியில் மறுபடி ஆரியா. கேட்பவர்கள் வழிதவறுவது ஒரே காரணத்தால்: ஆரியாவின் மெட்டை ஒவ்வொரு வேரியேஷனிலும் தேடுகிறார்கள். மெட்டு திரும்ப வராது. திரும்பத் திரும்ப வருவது அடியில் ஓடும் பேஸ் வரிசை. ‘ஜி’யை ஷட்ஜமாக வைத்துப் பாடினால் அதன் முதல் எட்டு ஸ்வரம், சங்கராபரணத்தின் ஸ்வரங்களில்:

ச நி த ப க ம ப ச

முதல் நான்கும் படிப்படியாக இறங்கும், ஐந்தாவதில் காந்தாரத்துக்குத் தாவி விழும், அங்கிருந்து மத்யமம், பஞ்சமம் என்று ஏறி, முடிவில் கீழ் ஷட்ஜத்தில் உட்காரும். இதை வாய்விட்டுப் பத்து முறை பாடு. மனப்பாடமான பிறகு ஆரியாவைப் போட்டு, வலது கையை மறந்துவிட்டு அடி ஸ்வரங்களை மட்டும் கவனி. பிறகு முதல் வேரியேஷன். நடுவில் வேறு ஸ்வரங்கள் நிரம்பி வரிசை மறைந்தாலும், ஒவ்வொரு பாரின் தொடக்கத்திலும் எலும்புக்கூடு தெரியும்.

மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது என்று மூன்றின் மடங்காக 27 வரை வருபவை கேனன்கள்: ஒரு குரல் சொன்னதை இன்னொரு குரல் பின்னால் தொடர்ந்து சொல்லும். மூன்றாவதில் ஒரு பார் தள்ளி, அதே ஸ்வர நிலையில் தொடரும். ஆறாவதில் ஒரு ஸ்வரப் படி தள்ளி, இப்படியே ஸ்வர இடைவெளி ஏறிக்கொண்டே போகும். செயலியில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். ஆரியாதான் முதல் டிராக் என்பதால் மூன்றாவது வேரியேஷன் நான்காவது டிராக்கில் இருக்கும். எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்.

பாக் காதில் ஊறிய பிறகு இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ கேள். 1986இல் வந்தது, தியாகராஜருக்கும் பாகுக்கும் சமர்ப்பணம். வயலின் வி. எஸ். நரசிம்மன். இதைப் பின்னணியில் ஓடவிட்டு வேலை பார்ப்பவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ கேட்பதற்கு முன்னால், பாகின் தனி வயலினுக்கான மூன்றாம் பார்ட்டிட்டா என்ற இசைக்கோவையின் முதல் பகுதியைத் தனியாகக் கேள். நான்கு நிமிடம்கூட ஆகாது. ஒரே வயலின், நிற்காத ஓட்டம். நடுவில் ஒரு இடத்தில் திறந்த ‘இ’ தந்தி விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்க, மெட்டு பக்கத்துத் தந்திகளில் ஓடும். அந்த இடம் நினைவில் நின்ற பிறகு இளையராஜாவின் டிராக்கைப் போடு. பாக் சொன்னது எது, அதைச் சுற்றி இவர் புதிதாகச் சொல்வது எது என்று கோடு போட்டதுபோல் பிரிந்து கேட்கும். மூலத்தைக் கேட்காதவருக்கு இரண்டும் ஒரே அழகான சத்தமாகப் போய்விடும். ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் மாறி மாறி எடுக்கும் ‘மேட் மாட் மூட் ஃபியூக்’குக்கும் இதே பொறுமை வேண்டும். முதல் தடவை, தனியாகத் தொடங்கும் குரலின் கருப்பொருளை மட்டும் மனத்தில் வாங்கு. இரண்டாம் தடவை, அது அடுத்தடுத்து எந்த உயரத்தில் நுழைகிறது என்று மட்டும் பார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிடிக்க நினைத்தால் ஒன்றும் கையில் நிற்காது.

இரவில் கேட்க ‘கால் ஆஃப் தி வேலி’, 1967. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பிரிஜ்பூஷன் காப்ராவின் ஸ்லைடு கிட்டார். காஷ்மீரத்து இடையனின் ஒரு நாள் என்பது கரு. விடியலுக்கு அஹிர் பைரவில் தொடங்கி பஹாடியில் முடியும். ஷஃபிளில் போட்டால் நாள் குலைந்துவிடும். சில மறுவெளியீடுகளில் பஹாடிக்குப் பிறகு கூடுதல் டிராக்குகள் ஒட்டியிருக்கும். நல்ல வாசிப்புதான், ஆனால் வேறொரு நாளுக்கு வைத்துக்கொள். சந்தூரில் தட்டிய ஸ்வரம் உடனே தேய ஆரம்பிக்கும், குழல் மூச்சிருக்கும்வரை நீளும். இரண்டும் ஒரே ஸ்வரத்தைக் கைமாற்றிக்கொள்ளும் இடங்களைத் தேடிக் கேள்.

இப்போது உன் போனில் செய்ய வேண்டியது. ஷஃபிளை அணை. ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலையோடு குழைக்கும் கிராஸ்ஃபேடையும் அணை. கேப்லெஸ் என்று ஒன்று இருக்கும், அதை இயக்கு. ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ போன்ற ஆல்பங்களில் டிராக்குகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். கேப்லெஸ் இல்லையென்றால் நடுவில் வெட்டு விழும். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகத்தான் சேமிக்கும், முனைகளில் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும். அந்த மௌனம்தான் வெட்டாகக் கேட்கிறது. ஃப்ளாக் (FLAC) வகைக் கோப்பில் இந்தத் தொல்லை இல்லை.

ஒலியளவைச் சமன்செய்யும் அமைப்பையும் பார்த்துக்கொள். டிராக் வாரியாகச் சமன்செய்தால் மெதுவான பகுதியைத் தூக்கி, ஓங்கியதை அமுக்கி, ஆல்பத்துக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தைக் கெடுத்துவிடும். ஆல்பம் வாரியாக என்று தேர்வு இருந்தால் அது சரி. இல்லாவிட்டால் அணைத்துவிடு.

காதில் செருகும் வகையில் பேஸ் மெலிந்து கேட்டால் ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன் ரப்பர் முனையின் அளவை மாற்றிப் பார். காதுக்குழாயை முழுதாக மூடாவிட்டால் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். ப்ளூடூத்தில் திடீரென்று எல்லாம் தகரத்தில் கேட்பதுபோல் ஆகிவிட்டால், ஏதோ ஒரு செயலி மைக்கைத் திறந்திருக்கும். போன் பேசும் முறைக்கு இணைப்பு மாறியிருக்கும். அந்தச் செயலியை மூடினால் சரியாகும். ஸ்பீக்கர் வாங்குவதானால் இரண்டு ஸ்பீக்கரும் நீயும் சம முக்கோணமாக, ட்வீட்டர் (உயர் ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) காது உயரத்தில், பின்சுவரைவிட்டுத் தள்ளி. பாடகர் நடுவில் நிற்காமல் கலைந்து கேட்டு பேஸும் காணாமல் போனால், ஒன்றில் பிளஸ் மைனஸ் கம்பி மாறியிருக்கிறது.

சத்தத்தைக் குறைத்துக் கேள், கண்ணு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். ரயில் இரைச்சலை மூழ்கடிக்கச் சத்தத்தைக் கூட்டுவதுதான் காதைக் கெடுக்கும் வழி. அங்கே ஆல்பம் வேண்டாம், பழகிய பாட்டு கேள்.

45 நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை என்பாய். எல்பியின் ஒரு பக்கம் சுமார் 22 நிமிடம், அதை ஓர் அலகாக வைத்துக்கொள். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் முதல் மூன்று டிராக் ஒரு பக்கம், அடுத்த இரண்டு மறுபக்கம். அந்தக் காலத்தில் அப்படிப் பிரித்துத்தான் வரிசை போட்டார்கள். தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் நொடிக்கு 50 சென்டிமீட்டர் அளவுக்கு ஓடும், உள்ளே போகப்போக 20க்கு இறங்கும், உயர் ஒலிகள் மங்கும். அதனால் அமைதியான பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைப்பது வழக்கம். ‘ப்ளூ இன் க்ரீன்’ முதல் பக்கத்தின் முடிவில் எப்படிப் பொருந்துகிறது என்று பார்.

உன் தோழிகளுக்கு அனுப்பும்போது இப்படி எழுது: “கோல்ட்பெர்க், கூல்ட், 1981 பதிவு. முதலில் ஆரியாவின் பேஸைப் பாடிப் பழகு. பிறகு நான்காவது டிராக்கில் இரண்டு குரலும் துரத்துவதைக் கேள். எனக்குப் பிடித்தது இடது கை.” நான்கு வரி போதும்.

கடைசியாக ஒன்று. பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ கேட்பதாக எழுதியிருந்தாயே, எது? 1967 மோனோவா, 1967 ஸ்டீரியோவா, 2017இல் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த ரீமிக்ஸா? மூன்றும் வேறு வேறு. ‘ஷீ’ஸ் லீவிங் ஹோம்’ பழைய ஸ்டீரியோவைவிட மோனோவில் வேகமாகப் போகும், அரை ஸ்வரம் அளவுக்கு மேலேயும் நிற்கும். ஆல்பத்தின் பெயருக்குக் கீழே வெளியீட்டு ஆண்டு போட்டிருக்கும், பார்த்து எழுது. நானும் அதையே எடுத்துக் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா