உறையில் ஒட்டியிருந்த பருக்கை

பினாங்கு,
மார்கழி 25

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். அப்பாவின் கால்வீக்கம் வடிந்துவிட்டது. தம்பி புதுக் கார் வாங்கியிருக்கிறான், அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இரவில் வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போடுகிறாய் அல்லவா? அடுக்குமாடி வீடு, கீழே காவலாளி இருக்கிறார் என்று சொல்வாய். இருந்தாலும் போட்டுக்கொள்.

தொலைபேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். தொலைபேசியில் மூன்றாவது நிமிடமே உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. கடிதத்தை நீ முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன சனிக்கிழமை சௌரஸ்தா சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். கால் தானாக மாடிக்கு ஏறிவிட்டது. நம் பழைய புத்தகக் கடைக்காரர் அதே மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறார். "மகள் வரவில்லையா?" என்று கேட்டார். "வருவாள்" என்றேன். ராஜேஷ்குமாரின் பழைய மாத நாவல் ஒன்றை, அட்டை கிழிந்தது, மூன்று வெள்ளிக்குக் கொடுத்தார். அவருடைய வழக்கமான முறைதான். ஓர் அத்தியாயம் ஓர் ஊரில், அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத இன்னோர் ஊரில், இரண்டு தடமும் கடைசியில்தான் வந்து சேரும். மீனைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து படித்தேன். நாற்பத்தெட்டாம் பக்கத்தில் குற்றவாளியின் பெயரைப் பென்சிலால் எழுதி வட்டம் போட்டேன். உன் வட்டத்துக்கு ஓரத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உனக்கு எப்போதும் என்னைவிடப் பத்துப் பக்கம் முன்னதாகவே தெரிந்துவிடும். படிவம் இரண்டில் படிக்கும்போதே சுஜாதாவின் கணேஷுக்கும் வசந்துக்கும் முன்னால் நீ ஆளைப் பிடித்துவிடுவாய். தமிழ்வாணனின் சங்கர்லால் யோசிப்பதற்குத் தேநீர் குடிப்பதைப் படித்துவிட்டு, நீயும் தேநீர் கேட்டு அடம்பிடித்தாய். இன்று காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் பிரிவுக்கே நீ தலைவி. கோயிலில் யார் கேட்டாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஊரார் பொய்யெல்லாம் உன் கண்ணில் படுகிறது, அம்மாவின் கண்ணில் மட்டும் எதுவும் படாது என்று எப்படி நினைத்தாய்?

கோபமாக எழுதிவிட்டேன். அந்த வரியை அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

என் முதல் நாவலைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. 1967இல் பெரியப்பா ஊருக்குப் போய் ரஜூலா கப்பலில் திரும்பி வந்தபோது, தகரப் பெட்டியின் அடியில் வேட்டிக்கு இடையே ஜே.ஆர். ரங்கராஜுவின் நாவல் ஒன்று இருந்தது. துப்பறியும் கோவிந்தன் வருகிற கதை. எனக்கு ஒன்பது வயது. தோட்டத்து லயத்தில் எல்லோரும் தூங்கிய பிறகு மண்ணெண்ணெய் விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படித்தேன். கடைசி எட்டுப் பக்கங்கள் இல்லை. கரையான் தின்றதோ, கப்பலில் யாராவது கிழித்ததோ தெரியவில்லை. யார் குற்றவாளி என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அந்தப் பாத்திரத்தின் பெயரைக் கேட்டாலே வெறுப்பு வரும். முப்பது ஆண்டுகள் கழித்து, நீ ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது, அதே சௌரஸ்தா மாடியில் முழுப் புத்தகமும் கிடைத்தது. நின்ற இடத்திலேயே கடைசி எட்டுப் பக்கங்களைப் படித்தேன். நான் முப்பது ஆண்டுகளாக வெறுத்த ஆள் ஒரு பாவமும் அறியாதவர்.

அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். நீ "கதைக்கா அழுகிறாய்?" என்று கேட்டாய். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

1929இல் ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிகிறவர் கையில் கிடைக்கிற தடயம் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்த நியாயப்படி என் கையில் இருப்பதை உன் முன்னால் வைக்கிறேன். கேள்வி எதுவும் கேட்கப்போவதில்லை.

ஐப்பசி மாதம் காலை ஏழு மணிக்கு அழைத்தேன். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருக்கிறார் என்றாய். கார்த்திகை தீபத்தன்று மதியம் மூன்று மணிக்கும் குளித்துக்கொண்டிருந்தார். போன வாரம் இரவு பத்தரைக்கும். மூன்று தடவையும் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை, வேறொரு குரலும் கேட்கவில்லை. காணொளியில் பேசியபோது நீ கேமராவைத் திருப்பிய ஒரு நொடியில் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். கல்யாணப் படம் மாட்டியிருந்த இடம் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது, சுற்றிலும் சுவர் மங்கியிருந்தது. ஆணி அப்படியே இருந்தது. உனக்குப் பின்னால் துணி காயும் கம்பியில் உன் உடைகள் மட்டும். தீபாவளிக்கு வேலை என்றாய். இருபது தீபாவளிகளில் உனக்கு அப்படி ஒரு வேலை வந்ததில்லை.

இவ்வளவுதான். நான் எதையும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டை விடாதே. ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தால் உனக்கு வயிறு எரியும். தாழ்ப்பாள் போட்டுக்கொள்.

அகதா கிறிஸ்டியைப் பற்றி இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முதல் உலகப் போரின்போது மருந்தகத்தில் வேலை பார்த்து நஞ்சுகளைக் கற்றுக்கொண்டார் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். நான் நினைப்பது 1926 டிசம்பர் மாதத்தை. கணவர் வேறொரு பெண்ணை விரும்பி, மணமுறிவு கேட்டுவிட்டார். ஓர் இரவு கிறிஸ்டி காரை எடுத்துக்கொண்டு போனார். கார் மட்டும் வழியில் கிடைத்தது. பதினொரு நாட்கள் நாடே தேடியது, போலீஸ் தேடியது, செய்தித்தாள்கள் கொலையாக இருக்குமோ என்றுகூட எழுதின. கடைசியில் ஹாரோகேட் என்ற ஊரில் ஒரு விடுதியில் இருந்தார். பதிவேட்டில் எழுதியிருந்த பெயரில் கணவர் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயர் இருந்தது. ஏன் போனார், என்ன நடந்தது என்று தன் வரலாற்று நூலில்கூட அவர் ஒரு வரி எழுதவில்லை.

நினைவிழப்பு என்றார்கள், கணவரைப் பழிவாங்க நாடகம் என்றார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அதே ஆண்டு ஏப்ரலில்தான் அவருடைய தாயார் இறந்திருந்தார். தாய் இருந்திருந்தால் அந்தக் கார் நேராகத் தாய்வீட்டு வாசலில் போய் நின்றிருக்கும், விடுதிக்குப் போயிருக்காது. போவதற்கு ஒரு வாசல் இல்லாததால்தான் அந்தப் பெண் வேறு பெயரில் அறை எடுத்தாள். எந்த ஆராய்ச்சியாளர் வந்து மறுத்தாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டு ஆண்டுகளில் மணமுறிவு முடிந்தது. 1930இல் தொல்லியல் அறிஞர் ஒருவரை மணந்தார். 1973 வரை நாவல் எழுதிக்கொண்டிருந்தார், 1976இல் இறந்தார். நீயும் நானும் படித்த கிறிஸ்டி நாவல்களில் பெரும்பாலானவை அந்தப் பதினொரு நாட்களுக்குப் பிறகு எழுதப்பட்டவைதான்.

நீ இத்தனை ஆண்டுகளில் எத்தனை மருத்துவமனைப் படி ஏறினாய், யாரெல்லாம் உன்னை என்னவெல்லாம் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானே கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கக் கூடாது. மாப்பிள்ளை நல்லவர், பொறுமையாக இரு, அனுசரித்துப் போ என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினேன். பொறுமையாக இரு என்பதை எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணிப் பார்க்க இப்போது பயமாக இருக்கிறது.

அவரைத் தேடிப் பிடித்தது நான். ஜாதகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியது நான். ஏன் அப்படி ஓடினேன் என்பது உனக்குத் தெரியாது. தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அதே 1926இல்தான் கிறிஸ்டியின் அந்த டாக்டர் கதையும் வெளிவந்தது. உனக்குப் பதினாறு வயது. கதையைச் சொல்லிக்கொண்டு வருகிற டாக்டர்தான் கொலைகாரர் என்று தெரிந்ததும் புத்தகத்தைச் சுவரில் எறிந்தாய். "ஏமாற்று வேலை அம்மா" என்று கத்தினாய். நான் எடுத்துத் தூசி தட்டி, அந்த இடத்தைத் திரும்பப் படித்துக் காட்டினேன். பார், டாக்டர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, நடுவில் பத்து நிமிடத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார் என்றேன். எனக்கு அவ்வளவு நன்றாகப் புரிந்தது.

பாப்பா, 2004 புரட்டாசியில் ஜொகூரிலிருந்து வந்த நீல உறையைப் பிரித்தது அப்பா இல்லை. நான்.

சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மூடியை எடுத்துவிட்டு உறையின் பின்பக்கத்தை ஆவியில் காட்டினேன். எத்தனை நாவலில் படித்திருக்கிறோம். பசை இளகி மேல்மடிப்பு தானாகச் சுருண்டு எழுந்தது. நின்றபடியே படித்தேன். இரண்டு ஆண்டு பொறுத்திரு, வேலை நிரந்தரமானதும் வந்து உன் அப்பாவிடம் கேட்கிறேன் என்று எழுதியிருந்தான். மரியாதையான கடிதம். ஒரு தவறான வார்த்தை கிடையாது. திரும்ப மடித்து வைத்து, கரண்டியில் ஒட்டியிருந்த சோற்றை நசுக்கித் தடவி மூடிவிட்டேன்.

மறுநாள் நீ உறையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாய். காய்ந்துபோன பருக்கை ஒன்று மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் சோற்றுப் பருக்கையால் ஒட்டுகிறவர் ஒரே ஆள்தான்: மின்கட்டண ரசீதிலிருந்து தினக்காட்டி வரை. நீ நேராக அப்பாவிடம் போய், "நீங்களா?" என்று கேட்டாய். அவர் உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்லவில்லை. டாக்டரைப் போலவே.

உன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு நடுக்கம். அவன் வந்துவிடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று ஓடினேன். அடுத்த தையில் உனக்குக் கல்யாணம். நீ அழாமல் ஒத்துக்கொண்டாய், அப்பாவின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் இந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்று. அதுவும் எனக்குத் தெரியும்.

அன்றிரவு அப்பாவிடம், "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "அவளுக்கு உன்னிடம்தான் எல்லாம் பேச வரும். என்னிடம் பேசாமல் இருந்தால் தாங்கிக்கொள்வாள். உன்னிடமும் பேசாமல் போனால் யாரிடம் போவாள்?" என்றார். இவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு இந்த இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூட அதை எடுத்ததில்லை. நீ அழைக்கும்போதெல்லாம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு "அம்மாவிடம் கொடுங்கள்" என்கிறாய். அவர் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

பசைக்கு வேறு எதுவும் இல்லாமலா சோற்றை எடுத்தேன்? அலமாரியில் தம்பியின் பள்ளிக்கூடப் பசை இருந்தது. கைக்கு எட்டும் தூரம். அவர்மேல் பழி போகட்டும் என்று நினைத்துச் செய்தேனா என்று எனக்குள் எத்தனையோ இரவு கேட்டுவிட்டேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் சொல்லாமல் விடுகிறேன் என்று எழுத வந்தேன். அதையும் விடக் கூடாது என்றுதான் எழுதிவிட்டேன்.

என்னோடு பேச வேண்டாம் என்று தோன்றினால் பேசாதே. நான் தாங்கிக்கொள்வேன். அப்பாவை அழைத்துப் பேசு. இரவு எட்டு மணிக்கு மேல் செய்தி பார்த்துவிட்டுச் சும்மாதான் இருப்பார். கைப்பேசி அவரிடமே இருக்கும், நான் எடுக்கமாட்டேன்.

உன் அறையில் இருந்த நாவல் பெட்டிகளை மாடிப்படிக்குக் கீழே மாற்றிவிட்டேன். மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. எத்தனை நாளானாலும், எத்தனை பெட்டியோடு வந்தாலும், இங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்கும் நானே சொல்கிறேன். நீ யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

கோலாலம்பூர் சென்ட்ரலில் ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரிக்கு வந்துவிடலாம். தைப்பூசத்துக்கு முன்னால் வந்தால் கூட்டம் இருக்காது. இந்தக் கரையில் அப்பா நிற்பார். கால் வலி என்று சொன்னால் நம்பாதே, வடிந்துவிட்டது என்று முதலிலேயே எழுதினேன்.

வரும்வரை உள்தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டு தூங்கு.

அம்மா