சின்னவள் ஓடுவதை நிறுத்திவிட்டாள்

அன்புள்ள தோழிக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செய்தித்தாளைப் பழையபடி ஒரு வரி விடாமல் படிக்கிறார். பெரியவன் வேலையில் சேர்ந்துவிட்டான். இவற்றையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். இந்தக் கடிதம் சின்னவளுக்காக. ஓட்டத்தைப் பற்றிய கவலை என்றால் உன்னைத் தவிர வேறு யாரிடம் போவேன்? பதிலுக்கு அந்தக் கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடாதே, ஒட்டகச்சிவிங்கி; இந்த முறை எனக்கு முழுப்பக்கத்தில் பதில் வேண்டும்.

1500 மீட்டரில் அவளுக்கு ஒரு போட்டியாளர் இருப்பதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். கடைசி வளைவு வரை இவளுடைய தோளோடு தோளாக வந்து, நேர்கோட்டில் இரண்டு எட்டு முன்னால் போய்விடுகிற அதே பெண்தான். அவளை முந்த வேண்டும் என்பதற்காகவே இவள் விடியுமுன் எழப் பழகினாள். இரவில் கைப்பேசியைக் கூடத்திலேயே விட்டுவிட்டுப் படுக்கப் பழகினாள். பயிற்சி முடிந்த கையோடு ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் நோட்டில் எழுதப் பழகினாள். அந்த நோட்டை நீ பார்க்க வேண்டும். பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. இடப்பக்கம் நீல மையில் இவளுடைய நேரங்கள், வலப்பக்கம் சிவப்பு மையில் அவளுடையவை. இவள் கலந்துகொள்ளாத பந்தயங்களில் அவள் எடுத்த நேரத்தைக்கூட யாரிடமோ விசாரித்துக் குறித்துவைத்திருக்கிறாள். பெற்றவர்கள் எவ்வளவோ சொல்லியும் வராத ஒழுங்கை, ஒரு முறைகூட நின்று பேசியிராத அந்தப் பெண் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள்.

போன மாதம் அந்தப் பெண்ணுக்கு முழங்காலில் லிகமென்ட் கிழிந்துவிட்டது. இந்தப் பருவம் முழுக்க அவளால் ஓட முடியாது. அன்றோடு நோட்டில் சிவப்பு மை நின்றது. கொஞ்ச நாளில் நீல மையும் நின்றுவிட்டது. சோம்பலாக இருக்கும் என்று நினைத்து நான் சில நாள் பேசாமல் இருந்தேன். பிறகு ஒரு இரவு அவளே என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு சொன்னாள்: "அவளுக்கு அடிபட்டதைக் கேட்டதும் முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது அம்மா. இப்போது ஷூவைத் தொட்டாலே அந்தச் சந்தோஷம்தான் நினைவுக்கு வருகிறது."

அதற்கு நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை; தலையைத் தடவிக்கொடுத்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு வேறு சிந்தனையே இல்லை. ஓடுகிறவர் யாருக்கும் அந்த ஒரு நொடி வந்துபோகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது கெட்ட மனத்தின் அடையாளம் அல்ல. என்னை அதைவிட அதிகமாகக் கலங்கவைப்பது, இவ்வளவு அருமையான பழக்கங்கள் அத்தனையும் இன்னொருத்தியின் முழங்காலை நம்பி நின்றிருக்கின்றன என்பதுதான்.

விடுதியில், பரம எதிரிகளாக ஓடிய அந்த இரண்டு பிரிட்டிஷ் ஓட்டக்காரர்களுக்காக நீ ஓவெட் கட்சியாகவும் நான் கோ கட்சியாகவும் பிரிந்து நின்று அடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? 1979 கிறிஸ்துமஸ் அன்று காலையில் நெடுந்தூரம் ஓடிவிட்டு வந்த செபாஸ்டியன் கோ, ஸ்டீவ் ஓவெட் இந்நேரம் இரண்டாவது முறையாக ஓடிக்கொண்டிருப்பாரோ என்ற எண்ணம் பொறுக்காமல் மாலையில் மறுபடி கிளம்பிப் போன கதையை நான் பெருமையாகச் சொல்வேன். பல வருடம் கழித்து அதைக் கேட்ட ஓவெட், "அன்றைக்கு இரண்டு முறைதான் ஓடினாயா?" என்று கேட்டதைச் சொல்லி நீ என் வாயை அடைப்பாய். மறு ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் கோவுக்கு உரியது என்று எல்லாரும் நினைத்திருந்த 800 மீட்டரை ஓவெட் வென்றார்; ஓவெட்டுக்கு உரியது என்று நினைத்திருந்த 1500 மீட்டரைக் கோ வென்றார். கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும் ஒருவர் நம்மை வீட்டுக்கு வெளியே தள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் தள்ளுவதற்கு ஆள் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு இந்தக் கதையில் விடை இல்லை.

அந்த விடை எனக்கு டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரதிலோவாவிடம் கிடைத்தது. விம்பிள்டனை இரண்டு முறை வென்ற பிறகும், 1981-இல் அமீலியா தீவுப் போட்டியில் தம் பெரிய எதிராளி கிறிஸ் எவர்ட்டிடம் 6-0, 6-0 என்று தோற்றார். அந்தக் காலகட்டத்தில்தான் கூடைப்பந்து வீராங்கனை நான்சி லீபர்மனின் துணையோடு உணவு, உடற்பயிற்சி என்று தம் அன்றாட வாழ்க்கையையே மாற்றி அமைத்துக்கொண்டார். பிறகு எவர்ட்டைத் தொடர்ந்து 13 முறை வென்றார். எவர்ட்டும் விட்டுவிடாமல் தம் பங்குக்கு உடலை உறுதிப்படுத்திக்கொண்டு வந்து 1985 பிரெஞ்சு ஓபன் இறுதியில் அவரை வீழ்த்தினார். இதுவரை நாம் எத்தனையோ முறை பேசியதுதான். நான் இப்போது புதிதாகக் கவனித்தது அதற்குப் பின் நடந்தது. 1989-இல் எவர்ட் ஓய்வு பெற்றுவிட்டார். 1990-இல் நவ்ரதிலோவா தம் ஒன்பதாவது விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்றார். 2006-இல், 50 வயது நிறைய ஒரு மாதமே இருந்தபோது, அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையரிலும் வென்றார். எவர்ட்டை வெல்வதற்காகத் தொடங்கியவை எவர்ட் போன பிறகும் அவரோடு இருந்தன. அதற்குள் அவை அவருக்கே சொந்தமாகிவிட்டிருந்தன. சின்னவளுக்கும் அப்படி ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசையெல்லாம்.

ஆகும் என்றே நினைக்கிறேன். பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே செய்கிற பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆகும் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் என்றும் மதிப்பிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் கண்டார்கள். அங்கே ஒவ்வொருவரும் தம் செயலைக் காலை உணவு போலத் தினமும் தவறாமல் நடக்கும் ஏதோ ஒன்றோடு இணைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் தன் ஓட்டத்தை அந்தப் பெண்ணின் நேரத்தோடு இணைத்துவைத்திருந்தாள். இனி அதைப் பல் தேய்த்தவுடன் ஷூ மாட்டுவது என்ற அளவில் இணைத்துக்கொண்டால் போதும், நேரம் குறிப்பதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அவளுடைய பயிற்சியாளரோ, "இதுதான் உனக்கு நேரம், அவள் திரும்பி வருவதற்குள் பதக்கத்தைத் தட்டிவிடு" என்கிறார். ஏற்கெனவே புண்பட்டிருக்கும் குழந்தையிடம் சொல்லும் வார்த்தையா அது? எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் போதாது.

இங்கேதான் எனக்கு நீ வேண்டும். கணுக்கால் பிசகி நீ ஓட முடியாமல் இருந்த அந்தப் பருவத்தில், ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு வளைவில் உட்கார்ந்து என் நேரத்தைக் கத்திச் சொன்னவள் நீ. என்னைவிட வேகமாக ஓடியவள் ஏன் அப்படி வந்து உட்கார்ந்தாய் என்று நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. அடிபட்டு ஒதுங்கியிருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த நாட்களில் என்ன தேவைப்படும், தன் எதிராளி வந்து பார்த்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்பதை உன்னால்தான் சொல்ல முடியும். அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சின்னவளுக்கு ஆசை இருக்கிறது; என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கிறாள். நீ எனக்கு எழுதுவதைவிட அவளுக்கே நேராக ஒரு கடிதம் எழுது. பெரியம்மாவின் கையெழுத்து என்றால் தலைகீழாகப் பிடித்தாவது படித்துவிடுவாள். நான் சொல்லி எழுதியது என்று மட்டும் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
உன் இரண்டாம் லேன்