கரைவெட்டிக்கு வருமுன், தம்பிக்கு

தம்பி,

பொங்கலுக்கு வரும்போது கரைவெட்டி ஏரிக்குப் போகணும், பையனுக்கு நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு போய்வந்த சூட்டில் இதை எழுதுகிறேன்.

நான் போனது பட்டைத்தலை வாத்துக்காக. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி நம்ம பக்கம் வந்து குளிர்காலத்தைக் கழிக்கிற பறவை. ராத்திரி வயலில் மேயும், பகலில் தண்ணீரில் கிடக்கும். திருவையாறு தாண்டிக் கொள்ளிடப் பாலத்தில் போகும்போதே இதையெல்லாம் அவளுக்குச் சொல்லியாச்சு. நாலு வயசுக்கு இமயமலையும் ஒன்றுதான், திருச்சி மலைக்கோட்டையும் ஒன்றுதான்.

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கிற ராம்சர் பட்டியலில் 2024-ல் ஏறிய ஏரி. சுமார் 450 ஹெக்டேர். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வரும் காவிரித் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து இப்போது தளும்பிக் கிடக்கிறது. பனி விலக ஏழரை மணி ஆகிவிட்டது. வாத்துகள் இருந்தன, நட்டநடு ஏரியில், அரிசி சிந்தின மாதிரி. வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை, பைனாகுலரில் அத்தனை துல்லியம். எனக்கு. அவள் அதைத் திருப்பிப் பிடித்து என்னைப் பார்த்து, "அம்மா, நீ எறும்பு மாதிரி இருக்கே" என்றாள். பத்து நிமிஷம் என்னைத்தான் பார்த்தாள். ஐந்து மணிக்கு எழுப்பிக் கூட்டிவந்தது இதுக்கா என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

அப்போதுதான் கரையோரம் ஒரு முக்குளிப்பான் வந்தது. அதைத் தேடி யாரும் வண்டி கட்டி வரமாட்டார்கள். வருஷம் முழுக்க நம்ம ஊர்க் குளத்திலேயே கிடக்கும். சின்ன உடம்பு, வாலை யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி புஸ்ஸென்று பின்பக்கம். முளுக்கென்று முங்கியது. "எண்ணு" என்றேன். ஒண்ணு, ரெண்டு என்று தொடங்கி, 12-லிருந்து நேரே 14-க்குத் தாவி, 18-ல் நிற்கும்போது பத்தடி தள்ளி எழுந்தது. இவள் போட்ட கூச்சலில் மறுபடி முங்கியது. அடுத்து எங்கே எழும் என்று பந்தயம். ஏழு ஆட்டத்தில் நான் ஒன்றுதான் ஜெயித்தேன். புளிச்சோற்றை ஊட்டும்போதுகூட வாயை மட்டும் திறந்தாள், கண் தண்ணீரிலேயே.

அதனால் பையனுக்குக் குல்லா, மாற்றுச் சட்டை, உட்கார ஒரு பழைய போர்வை எடுத்து வை, போதும். வாத்தை நீ பறவை பார்க்கிற கோபுரத்தில் ஏறி நின்று ஆசை தீரப் பார். பிள்ளைகள் இரண்டும் என்னோடு கரையில் இருக்கட்டும். அவள் எண்ணும்போது 13 வராது; திருத்திக்கொண்டு நிற்காதே, அதற்குள் முக்குளிப்பான் எழுந்துவிடும்.

அக்கா