இழுப்பறைகளை எங்களுக்கும் திறந்துவிடுங்கள்

அருங்காட்சியகங்களில் பழைய அச்சோவியங்களைக் காத்துவரும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் செப்புத் தகட்டில் கீறி அச்செடுப்பவள். விதைக்கூடு, காய்ந்த இலையின் நரம்பு, சங்கின் சுருள்: பல ஆண்டுகளாக இவைதாம் என் கருப்பொருள். ஓர் இலையைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே வடிவங்களை எனக்கு முன்னால் தகட்டில் கீறியவர்களைப் பார்க்கத்தான் உங்கள் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650-இல் ஒரு கூம்புச் சங்கை அச்சோவியமாக்கினார். கையகலப் படம். கண்ட சங்கைக் கண்டபடியே தகட்டில் வரைந்ததால், அச்சில் இடவலம் மாறி, இடம்புரி வலம்புரியாகிவிட்டது. தம் பெயரை மட்டும் தகட்டில் திருப்பி எழுதி, அச்சில் நேராக வரச் செய்திருக்கிறார். ஆகவே இதை மறதி என்று என்னால் ஏற்க முடியவில்லை. சுருள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைவிட, அதன் முதுகில் வெளிச்சம் எப்படி வழுக்கிப் போகிறது என்பதே அவர் கண்ணை நிறைத்திருக்க வேண்டும். தகட்டை மாற்றி மாற்றி அச்செடுக்கும்போது, ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்போம். முதல் நிலையில் பின்புலம் வெறும் வெள்ளைத் தாள். அடுத்த நிலையில் அங்கே கோடுகளை நெருக்கி இருட்டாக்கினார். சங்குக்கு எடை வந்துவிட்டது!

“திரையிலேயே பார்த்துக்கொள்ளலாமே” என்று ஓர் அருங்காட்சியகத்தில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். என்னிடம் ஆய்வுப் பட்டம் இல்லையாம். திரையில் கோடு தெரியும், மை தெரியாது. ஊசியால் செம்பை நேரடியாகக் கீறும்போது கோட்டோரத்தில் பிசிறு எழும்பும். அது பிடித்துவைக்கும் மைதான் வெல்வெட் போன்ற கருமையைத் தருகிறது. சில பத்துப் பிரதிகள் எடுப்பதற்குள் அச்சு எந்திரத்தின் அழுத்தத்தில் பிசிறு நசுங்கிவிடும். தாளின் மேல் மை எவ்வளவு மேடாக நிற்கிறது, தகட்டின் விளிம்பு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பவற்றைப் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். என் தொழிலுக்கு வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

வெளிச்சம் தாளைக் கெடுக்கும் என்பது எனக்கும் தெரியும். நீங்கள் இருட்டில் பாதுகாத்ததால்தான் இவை இன்றும் இருக்கின்றன. அதற்கு நன்றி சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது. ஆனால் 50 லக்ஸ் அளவுள்ள மங்கலான ஒளியில், நீங்கள் அருகில் நிற்க, தாளைத் தொடாமல் பார்க்கச் சம்மதிக்கிறோம். மாதத்தில் ஒரு காலைப்பொழுதை அச்சுக் கலைஞர்களுக்கென்று ஒதுக்குங்கள். பட்டம் கேட்காதீர்கள், செய்த வேலையைக் கேளுங்கள். ஒரே படத்தின் வெவ்வேறு நிலைகள் உங்களிடம் இருந்தால், அவற்றை ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஓர் அச்சுக் கலைஞர்