தம்பி பேசட்டும்

திருத்துறைப்பூண்டி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் என் பேரன் தம்பியும் நலமா? ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதது மனசை விட்டுப் போகவில்லை. போனில் பேசினால் நீயும் படபடப்பாய், நானும் குரலை உயர்த்திவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கேம்பஸில் கிடைத்த வேலை வேண்டாம், மேலே படிக்கப்போகிறேன் என்று தம்பி சொல்லிவிட்டான். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யார் மேலும் பாசமில்லை, எந்நேரமும் போனே கதி" என்கிறாய். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தப் போனில் அவன் எனக்காக என்ன செய்கிறான் தெரியுமா? வெயில் காலம் வந்தால் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் காலையில் எனக்கு அனுப்புகிறான். நான் கேட்டதே இல்லை. 2024இல் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தாண்டியும் அணை திறக்காமல், குறுவைச் சாகுபடியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோமே, அந்த ஜூலையில் கர்நாடகத்தில் மழை பிடித்து அணை கிடுகிடுவென்று ஏறியது. "தாத்தா, நூறு அடி தாண்டிடுச்சு" என்று ராத்திரி கூப்பிட்டுச் சொன்னான். 28ஆம் தேதி திறந்தார்கள். பாசனத்தின் கடைசியில் இருக்கும் நம் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும், சம்பாவுக்கு நாற்று விடுவீங்களா, நேரடி விதைப்பா என்று அத்தனை கேள்வி. நம் சொந்தத்தில் வயல் வைத்திருப்பவர்கள்கூட அவ்வளவு கேட்கவில்லை.

கஜா புயலையும் நினைத்துப் பார். 2018 நவம்பர் 16 விடியற்காலை அடித்த அடியில் நம் கொல்லைத் தென்னைகள் பாதிக்குமேல் வேரோடு சாய்ந்தன. கரண்டும் இல்லை, போனும் இல்லை. வெளியூரிலிருந்து நம் தெருவுக்கு முதலில் வந்தவர்கள் சின்னப் பையன்கள்தான். ஒரு லோடு வண்டியில் மெழுகுவர்த்தி, தார்ப்பாய், கொசுவர்த்தி, பிஸ்கட், பெண்களுக்கு நாப்கின்கூட யோசித்து எடுத்து வந்தார்கள். காதில் வளையம், வாராத தலை. ஒருவருக்கொருவர் சொந்தமில்லை, வாட்ஸப்பில் சேர்ந்தவர்களாம். வழியை மறித்துக் கிடந்த மரத்தை வெட்டியதில் ஒரு பையனுக்கு உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். அப்போதும் அவன், "பாட்டி, வாய்க்கால் கரைக் குடிசைக்கு யாராவது குடுத்தாங்களா?" என்றுதான் கேட்டான். அங்கே கொடுத்துவிட்டுத்தான் நம் தெருவுக்கு வண்டியைத் திருப்பினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தவன் நான். பாசமில்லை என்று யார் சொன்னாலும் என் காதில் ஏறாது.

குறை இருக்கிறது. ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருப்பது, காலையில் வெறும் வயிற்றோடு ஓடுவது, சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்குக்கூட ஒரு மெசேஜ் அனுப்பி முடித்துக்கொள்வது. இதையெல்லாம் கண்டிக்கத்தான் வேண்டும். சாவு வீட்டுக்கு அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போ. போகப் போகத்தான் பழகும்.

வேலை விஷயம் வேறு. என் அப்பா எதிரில் நான் உட்கார்ந்து பேசியதில்லை. பள்ளிக்கூடம் முடிந்து கல்லூரியில் பி.யு.சி. படிக்க ஆசை என்று என் அம்மாவிடம் சொன்னேன். அவர் சோறு போடும்போது அப்பா காதில் போட்டுவைத்தார். சம்மதம் என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும். தம்பி உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அது எவ்வளவு பெரிய விஷயம்! என்ன படிப்பு, எங்கே, எவ்வளவு செலவு, கடன் வாங்கணுமா என்று உட்காரவைத்துக் கேள். பதில் சரியில்லை என்றால் சரியில்லை என்றே சொல். அழுது மட்டும் அவன் வாயை அடைத்துவிடாதே. இன்றைக்கு அடைத்தால் நாளைக்கு வேறு எதையும் அவன் உன்னிடம் கொண்டுவர மாட்டான். எனக்கு அந்தப் பயம்தான்.

பரீட்சை முடிந்ததும் அவனை இங்கே அனுப்பு. ஜூன் 12 அணை திறந்தால் எனக்கும் நாற்றங்காலுக்கு ஒரு கை கூடுதலாக இருக்கும். படிப்பைப் பற்றி நானும் கேட்டுவைக்கிறேன். அம்மா உனக்கு வடகமும் மாவடுவும் எடுத்துவைத்திருக்கிறாள், திரும்பும்போது அவனிடமே கொடுத்துவிடுகிறோம். பஸ் ஏறியதும் போன் செய்யச் சொல்.

அன்புடன்,
அப்பா