பாயிண்டைத் திருப்பிக் கொடுங்கள்: பிரீஸ்ட் கிளாஸுக்காக ஒரு திறந்த மடல்

விளையாட்டு வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஆன்லைன் கேமில் நீங்கள் போட்ட பேட்சை, அதாவது விதிகளை மாற்றிய அப்டேட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். தோழர்களைக் குணப்படுத்துகிற பாத்திர வகையான பிரீஸ்ட் கிளாஸில் என்ன மாறியது என்பது உங்களுக்கே தெரியும், அதை விளக்கி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆங்கிலத்தில் மூன்று புகார் டிக்கெட் போட்டுவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில், ஓர் எழுத்துகூட மாறாமல் வந்தது: கருத்துக்கு நன்றி, (போட்ட பாயிண்டைத் திரும்ப எடுக்கவைக்கும்) ரீசெட் மருந்து கடையில் கிடைக்கும். அதனால் இப்போது எனக்குச் சரளமாக வருகிற மொழியில், நம் சர்வரில் ஆடுகிற மற்ற தமிழ்க்காரர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். பேட்ச் போட்டு ஒரு கிளாஸின் அடிப்படையையே மாற்றினால், அந்தக் கிளாஸில் இருக்கிற எல்லாருக்கும், தங்கள் ஆளை வளர்க்கப் போட்ட பாயிண்டை ஒரு தடவை இலவசமாகத் திருப்பிக் கொடுங்கள்.

நான் டேங்க், முன்னால் நின்று அடி வாங்குகிற ஆள். மூன்று வருஷமாக அதே ஆள், அதே கேடயம். என்னைக் குணப்படுத்துகிற ஹீலர் என் பெரியம்மா மகன். கோவில்பட்டியில் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறான். போன வருஷம் லீவில் நான்தான் அவனை இந்த கேமுக்குள் இழுத்துவந்தேன். முதல் நாள் கிளாஸ் தேர்வு செய்கிற திரையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். வில், கத்தி, மந்திரக்கோல் என்று எல்லாப் படத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில் பிரீஸ்ட் படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த வரியை எனக்குப் போனில் வாசித்துக் காட்டினான். "கதாயுதம் ஏந்தியவர். எதிரியை அடித்துக்கொண்டே தோழர்களைக் குணப்படுத்துவார்." அண்ணா, இது நல்லா இருக்குல்ல, என்றான். நல்லாத்தான் இருக்கு, எடுத்துக்கோ என்றேன்.

அந்த வரியை நம்பித்தான் அவன் வளர்ந்தான். லெவலுக்கு 2 பாயிண்ட், 60-ஆவது லெவல் வரும்போது மொத்தம் 118. அதில் 70-ஐ ஸ்ட்ரெங்த்தில் (வலிமையில்) போட்டான், மீதி 48-ஐ இன்டெலிஜென்ஸில் (அறிவில்) போட்டான். கதாயுத அடியில் வருகிற ஹீலுக்கு அன்றைக்கு ஸ்ட்ரெங்த்தும் கணக்கில் சேர்ந்தது, அதனால் அது சரியான பில்டுதான், பாயிண்டைச் சரியாகத்தான் பிரித்துப் போட்டிருந்தான். ஒவ்வொரு லெவலுக்கும் யோசித்து, ஒரு நோட்டில் எழுதிவைத்துப் போட்டான். அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் தெர்மோடைனமிக்ஸ், முன்பக்கம் பிரீஸ்ட்.

செவ்வாய்க்கிழமை பேட்ச் குறிப்பில் ஒரே ஒரு வரி: "பிரீஸ்ட் குணப்படுத்தும் அளவு இனி இன்டெலிஜென்ஸை மட்டும் பொறுத்தது." அன்று ராத்திரி பத்து பேரோடு கோபுரத்தின் ஏழாவது தளத்துக்குப் போனோம். வாராவாரம் அடிக்கிற பாஸ்தான், அந்தத் தளத்தின் பெரிய எதிரி. முந்தின வாரம் வரைக்கும் அவன் ஓர் அடி அடித்தால் எனக்கு 1,400 உயிர் ஏறும். அன்றைக்கு 310 ஏறியது. முதலில் நெட் பிரச்சினை என்று நினைத்தேன். இரண்டாவது அடியும் 310. பாஸ் பாதி உயிரில் இருக்கும்போது நான் விழுந்தேன். மறுபடி போனோம், மறுபடி விழுந்தேன். மூன்றாவது தடவை வாய்ஸில் அவன் குரல் மட்டும் கேட்டது. "அண்ணா, நான் எல்லாம் சரியாத்தான் பண்றேன். மந்திரத்துக்கான மானாவும் தீர்ந்துபோச்சு. நான் என்ன பண்றது?"

எங்கள் குழுவான கில்டில் யாரும் அவனைத் திட்டவில்லை. வியாழக்கிழமை ரெய்டுக்கு, அதாவது பத்து பேர் சேர்ந்து போகிற சண்டைக்கு, வேறொரு ஹீலரைப் போட்டார்கள், அவ்வளவுதான். தலைவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு மற்ற ஒன்பது பேரின் ராத்திரியும் முக்கியம்.

மறுநாள் அவனைத் தேடினேன். லெவல் 60 ஆள், ஆரம்பநிலைக் காட்டில் ஓநாய் ஓடுகிற பாதையோரம் நின்றுகொண்டிருந்தான். அந்த வழியாக வருகிற புது ஆட்கள் ஓநாயோடு சண்டை போட்டு உயிர் குறையும்போது, பக்கத்தில் போய் ஓநாயை ஓர் அடி அடித்து அவர்களைக் குணப்படுத்திக்கொண்டிருந்தான். அங்கே 310 போதும், நிறையவே போதும். நன்றி சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள். இவன் அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கிறான். நான் போய் நின்றேன். எதுவும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கும் ஒரு ஹீல் போட்டான்.

இனி ரீசெட் மருந்துக்கு வருகிறேன். அது கிடைக்க இரண்டு வழி வைத்திருக்கிறீர்கள். ஒன்று, கடையில் 799 ரூபாய். போன் ரீசார்ஜுக்கே அப்பாவிடம் கேட்டு நிற்கிற பையன் அவன். இரண்டு, அதே கோபுரத்தின் ஏழாவது தள பாஸை வீழ்த்தினால் எப்போதாவது கிடைக்கும். யோசித்துப் பாருங்கள். பில்டு கெட்டுப்போனதால் ரெய்டில் இடம் இல்லை. ரெய்டில் இடம் இல்லாததால் மருந்து இல்லை. மருந்து இல்லாததால் பில்டைச் சரிசெய்ய முடியாது. பணம் கட்டினால் ஒழிய இந்த வட்டத்துக்குள்ளிருந்து வெளியே வர வழியே இல்லை. இது தெரியாமல் நடந்தது என்றுதான் நான் இன்னும் நம்ப விரும்புகிறேன்.

தேர்வுக்கு ஒரு கனம் வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன், மனசாரவே ஒப்புக்கொள்கிறேன். நினைத்த நேரத்தில் நினைத்த ஆளாக மாறினால் கிளாஸ் என்பதற்கே அர்த்தமில்லை. நான் ரக்னராக் ஆன்லைன் என்ற கேமில் வளர்ந்தவன். அதில் கற்றுக்குட்டியான நோவிஸாகத் தொடங்கி ஜாப் லெவல் 10-இல் வாள்வீரன், மேஜ், வில்லாளி, அகோலைட், வணிகன், திருடன் என்று ஒன்றைப் பிடிக்கவேண்டும். அப்புறம் ஜாப் 40-இலேயே அடுத்த நிலைக்குப் போகலாம். அவசரப்பட்டுப் போனால் 50 வரை பொறுத்திருந்தவனைவிட 10 ஸ்கில் பாயிண்ட் குறைவாகத்தான் கடைசிவரை இருக்கும். நான் அவசரப்பட்டவன். அழுதேன், ஆனால் யார்மேலும் கோபம் வரவில்லை. விதி முதலிலேயே தெரிந்திருந்தது, தப்புச் செய்தது நான்.

இங்கே விதியை மாற்றியது ஆடுகிறவன் இல்லையே. அதனால்தான் கேட்கிறேன்: மாற்றுங்கள், மாற்றும்போது பாயிண்டைத் திருப்பிக் கொடுங்கள்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. டயாப்லோ 2 என்ற கேம் வந்தது 2000-இல். போட்ட பாயிண்டு போட்டதுதான் என்ற காலம் அது. 2003-இல் 1.10 பேட்சில் ஒரு ஸ்கில் இன்னொரு ஸ்கில்லுக்குப் பலம் சேர்க்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆட்கள் எத்தனையோ பேர் ஒரே நாளில் பழசாகிப்போனார்கள், முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. 2010-இல் 1.13 பேட்ச் வந்த பிறகுதான் கேமுக்குள் இருக்கிற அகாரா என்ற பாத்திரத்திடம் போய், ஒவ்வொரு கடின நிலைக்கும் ஒரு தடவை, காசில்லாமல் எல்லாவற்றையும் திருப்பி வாங்க முடிந்தது. அந்தப் பாடத்தைக் கற்க அவர்களுக்குப் பத்து வருஷம் ஆனது. நீங்களும் பத்து வருஷம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் பாயிண்டை மாற்ற ஆரம்பத்தில் செலவு இருந்தது. முதல் தடவை 1 தங்கம், அடுத்து 5, அப்படியே ஏறி 50 தங்கம் வரை. ஆனால் அது உள்ளே ஓநாயையும் பன்றியையும் அடித்துச் சம்பாதிக்கிற தங்கம், வங்கிக் கணக்கிலிருந்து போவதில்லை. அதைவிட முக்கியம், ஒரு கிளாஸின் டேலன்ட் மரத்தையே (பாயிண்ட் போடுகிற திறமைகளின் வரிசையையே) மாற்றி அமைத்தபோது அந்தக் கிளாஸ்காரர்களுக்குப் பாயிண்டு தானாகத் திரும்பி வந்தது. உள்ளே நுழைந்ததும் பாயிண்டு எல்லாம் கையில் இருக்கும், புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். நான் கேட்பது அதுவேதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் ஆயுதத்தை மாற்றினால் வேலையே, அதாவது கிளாஸே, மாறிவிடுகிறது, ஒரே ஆள் எல்லா வேலையும் கற்றுக்கொள்ளலாம். அவ்வளவு தூரம் நாங்கள் கேட்கவே இல்லை.

இன்னொரு விஷயமும் மனசை உறுத்துகிறது. 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு முதன்முதலில் வந்தபோது கிளாஸ் மொத்தமே மூன்றுதான்: சண்டைக்காரர், மந்திரவாதி, மதகுரு. கூர்மையான ஆயுதம் மதகுரு எடுக்கக் கூடாது, அதனால் அவர் கையில் கதாயுதம். கவசம் போட்டுக்கொண்டு, முன்னால் நின்று அடித்து, பக்கத்தில் இருக்கிறவனையும் காப்பாற்றுகிற ஆள். உங்கள் பிரீஸ்ட்டின் கையில் இருக்கும் கதாயுதம் அங்கிருந்து வந்ததுதான். என் தம்பி தேர்ந்தெடுத்தது அந்த ஆளைத்தான். பேட்சுக்குப் பிறகு அந்தக் கதாயுதம் வெறும் அலங்காரம். பின்வரிசையில் நின்று வெளிச்சம் போடுகிற ஒரே மாதிரி ஹீலர்தான் இனி எல்லாரும். சமநிலைக்காக இதைச் செய்தோம் என்றால் சரி, அது உங்கள் முடிவு, விவாதிக்கலாம். ஆனால் கிளாஸ் தேர்வுத் திரையில் இன்றைக்கும் அதே பழைய வரிதான் இருக்கிறது. நேற்று ராத்திரி போய்ப் பார்த்தேன். "அடித்துக்கொண்டே தோழர்களைக் குணப்படுத்துவார்." இன்றைக்குச் சேருகிற ஒரு புதுப் பிள்ளையும் அதை நம்பி ஸ்ட்ரெங்த்தில்தான் போடும்.

வாராவாரம் புதுச் சட்டை, புதுக் குதிரை, புதுச் சிறகு கடைக்கு வருகிறது. அதற்கு ஆள் இருக்கிறது, நேரம் இருக்கிறது. ஒரு வரியைத் திருத்த மட்டும் ஆள் இல்லையா? ஹீலர் கிடைக்காமல் ரெய்டு வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்கிறோம் என்று எல்லாரும் புலம்புகிறோம். ஹீலராக வந்தவனை இப்படி நடத்தினால் யார் ஹீலராக வருவார்கள்? அடிக்கிற கிளாஸ்காரன் ஒரு பேட்சில் பத்து சதவீதம் குறைந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் கூட அடித்துக்கொள்ளலாம். ஹீல் குறைந்தால் பக்கத்தில் இருக்கிறவன் செத்துப்போகிறான், பழியும் ஹீலர்மேல்தான் விழுகிறது. இந்த வித்தியாசம் உங்கள் கணக்குத் தாளில் தெரியாது. அவன் குரலில் எனக்குத் தெரிந்தது.

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் புது விஷயம் சேர்ப்பதென்றால் பெரும்பாலும் ஆடுகிறவர்களிடம் ஓட்டுக்கு விடுகிறார்கள். பல வருஷம் 75 சதவீதம் பேர் சரி என்றால்தான் உள்ளே வரும் என்று வைத்திருந்தார்கள், பிறகு 70 ஆக்கினார்கள். நம் சர்வரில் ஓட்டு வேண்டாம். முன்கூட்டியே இரண்டு வாரம் சொல்லியிருந்தால்கூடப் போதும், அந்த 70 பாயிண்டை நினைத்தாவது மனசைத் தயார் பண்ணியிருப்பான்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன் என்று தெரிகிறது. உங்கள் உழைப்பை நான் மதிக்காமல் இல்லை. மதிக்காதவன் மூன்று வருஷம் ஒரே கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கமாட்டான். கோபுரத்தின் படிக்கட்டில் மழை பெய்கிற அந்த ஒரு காட்சிக்காகவே நான் உங்களுக்குக் கடன்பட்டவன். அதனால் பணிவாகவே மறுபடி கேட்கிறேன்.

பிரீஸ்ட் கிளாஸில் உள்ள ஒவ்வொருவருக்கும், இந்த ஒரு பேட்சுக்காக, ஒரு தடவை பாயிண்டை இலவசமாகத் திருப்பிக் கொடுங்கள். இனி எந்தக் கிளாஸின் அடிப்படையை மாற்றினாலும் அதையே செய்வோம் என்று சொல்லுங்கள். தேர்வுத் திரையில் இருக்கிற அந்த வரியையும் தயவுசெய்து இன்றைக்கே மாற்றுங்கள்.

அடுத்த பேட்ச் வருகிற செவ்வாய்க்கிழமை. நானும் தம்பியும் அதுவரை ஆரம்பநிலைக் காட்டில்தான் இருப்போம். ஓநாயின் அடியை நான் வாங்குகிறேன், அவன் ஹீல் போடுகிறான். கில்டில் பேசி, பத்தாவது இடத்தைக் காலியாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சர்வரின் ஒரு டேங்க்