பாஸ்கருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளுக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை அமைந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு மூட்டுவலிதான் படுத்துகிறது. மற்றபடி நலம்.

நீ சொன்ன 'சிண்டரெல்லா மேன்' படத்தை ஒருவழியாகப் பார்த்துவிட்டோம். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜிம் பிராடாக்கின் நிஜக் கதையாயிற்றே. குத்துச்சண்டை என்றாலே எழுந்து போய்விடும் என் மனைவி கடைசிவரை நகரவில்லை. அவளை உட்கார வைத்தது சண்டை இல்லை, பசி. பிராடாக்கின் மகள் தன் பங்கு இறைச்சித் துண்டைத் தின்றுவிட்டு இன்னும் கேட்க, "கனவிலேயே பெரிய ஓட்டலில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டேன்" என்று பிராடாக் தன் துண்டை அவள் தட்டில் போடுகிறாரே, அங்கேயே என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பிடித்தது வேறு. துறைமுகத்தில் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று, உடைந்த கையின் மாவுக்கட்டுக்கு ஷூ பாலிஷ் தடவி மறைக்கிற இடம். அமெரிக்காவில் வேலையே கிடைக்காத அந்த 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தின் லட்சணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இப்படி அழ வைக்கிற படம் ஏன் ஓடவில்லை என்று கேட்டிருந்தாய். 2005 ஜூனில், கோடை விடுமுறைப் படங்களுக்கு நடுவே விட்டார்கள். 8.8 கோடி டாலர் செலவு. அமெரிக்காவில் வசூல் 6.2 கோடியைத் தாண்டவில்லை. ஏ.எம்.சி. திரையரங்குக்காரர்கள், பிடிக்கவில்லை என்றால் டிக்கெட் காசு வாபஸ் என்றுகூட அறிவித்துப் பார்த்தார்கள். திருப்பிக் கேட்டு வந்தவர்கள் சொற்பம். ஆக, பார்த்தவனுக்குக் குறையில்லை. வந்து பார்க்கத்தான் ஆளில்லை.

குறை எனக்குத்தான் இருக்கிறது. பிராடாக் கடைசியில் மோதுகிற உலக சாம்பியன் மேக்ஸ் பேயரை நீ வண்டி வண்டியாகத் திட்டியிருந்தாய். அப்படித் திட்ட வைக்கத்தான் படம் எடுத்திருக்கிறார்கள். ஆளைக் கொன்றதை அலட்சியமாகப் பேசுவதும், பிராடாக்கின் மனைவியிடம் வாய்க்கொழுப்பு காட்டுவதும்! நிஜத்தில், 1930-ல் அவரோடு மோதிய பிராங்கி கேம்பல் இறந்தது பேயரை வெகுகாலம் வாட்டியது. அந்தக் குடும்பத்துக்குப் பண உதவியும் செய்தார். படம் வந்தபோது அவர் மகன் வெளிப்படையாகவே கோபப்பட்டார். நம்பியாரை நாம் திட்டாத திட்டா? ஆனால் அது வேஷம். பேயர் வாழ்ந்து செத்த மனுஷன், பாவம்.

இத்தனைக்கும் அந்தப் பொய் தேவையே இல்லை. அரசாங்கத்திடம் வாங்கிய நிவாரணப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர் பிராடாக். பந்தயத்தில் ஒன்றுக்குப் பத்து என்று எல்லோரும் கைகழுவிய பிறகும், 1935 ஜூன் 13 அன்று உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காகப் பேயரோடு 15 சுற்று நின்று, நடுவர்கள் ஒருமனதாகத் தீர்ப்பு சொல்ல ஜெயித்தவர். எதிராளி நல்லவனாக இருந்தால் இது குறைந்துவிடுமா என்ன?

அப்புறம், படம் விரிவாகக் காட்டாத ஒரு சங்கதி. 1937-ல் ஜோ லூயிஸ் என்ற குத்துச்சண்டை வீரரிடம் பிராடாக் எட்டாவது சுற்றில் விழுந்து பட்டம் போயிற்று. ஆனால் அதற்கு முன்பே பிராடாக்கின் மேனேஜர் ஜோ கூல்ட், லூயிஸ் பட்டப் போட்டிகளின் லாபத்தில் பத்து வருஷத்துக்குப் பத்து சதவீதம் என்று பேசி முடித்திருந்தார். கில்லாடி! தோற்கப் போகிற ஆட்டத்துக்கு இப்படி ஒரு பேரம். அதைத் தனிப் படமாகவே எடுக்கலாம்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாயே, ரயில் டிக்கெட் போட்டாயா? சீக்கிரம் போடு, கடைசி நேரத்தில் வெயிட்டிங் லிஸ்ட் என்று சாக்கு சொல்லாதே.

அன்புடன்,
முரளி